மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா?



மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையை நம்ம பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். கேட்டுச் சிரித்தும் இருப்போம். ஆனால் நம்ம ஹாஸ்டலில் வாரத்துக்கு ஒரு வீடு எரிகிறதே, அதை யாராவது கவனித்தீர்களா? சிஸ்டம் மெதுவாகத் திறக்கிறதா? "ஃபார்மட் போடுல!" எடிட்டர் ஏதோ எரர் காட்டுகிறதா? "தூக்கிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணுல!" இதுதான் நமக்குத் தெரிந்த ஒரே கைவைத்தியம். பூச்சி எந்தக் கட்டில் காலில் இருக்கிறது என்று குனிந்து பார்க்கப் பொறுமை இல்லை, தீப்பெட்டியைத் தேடுகிறோம்.

டிப்ளமோ படிக்கிற நமக்கு இது அழகா? அழகில்லை என்பதே என் கட்சி. அதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் தீப்பெட்டி தேடினவன்தான். என்னால் ஒரு தம்பி பதினோரு பக்கம் வீணாக டைப் அடித்தான். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் என் கருத்துக்கு வர முடியும்.

★ நடந்த கதை

சென்ற ஆண்டு மலருக்குத் தமிழ்க் கட்டுரைகளைத் தொகுக்கும் வேலை என்னிடம் வந்தது. குரும்பூரிலிருந்து ரயிலில் வந்து போகிற முதலாமாண்டுத் தம்பி ஒருவன், "நான் டைப் அடிச்சுத் தாரேண்ணே" என்று தானாக முன்வந்தான். நான்கு நாள் மாலை, வழக்கமான ரயிலை விட்டுவிட்டு, லேப்பில் உட்கார்ந்து பதினான்கு பக்கம் அடித்து, பென்டிரைவில் போட்டு என் கையில் கொடுத்தான்.

என் மடிக்கணினியில் லினக்ஸ். எழுதுவதற்கு நான் வைத்திருப்பது 'விம்' எடிட்டர். அதில் திறந்தேன். தமிழைக் காணோம்! தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரைக் குறி, நடுநடுவே கோண அடைப்புக்குள் எண்கள். பக்கம் பக்கமாக இதேதான்.

"ஏல, என்னத்த அடிச்சு வச்சிருக்க?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவன் முகம் சுண்டிப் போனது. "லேப்ல நல்லாத்தான தெரிஞ்சுதுண்ணே" என்றான். "நானே சரி பண்ணுதேன் பாரு" என்று ஃபைலின் குறியேற்றத்தை யுடிஎஃப்-8 என்று மாற்றி, அதே பென்டிரைவில் சேமித்தும் கொடுத்தேன். அதை லேப்பில் கொண்டுபோய்த் திறந்தால் அங்கேயும் அதே குப்பை. "பாத்தியா? உன் ஃபைல்தான் கோளாறு" என்றேன். அவன் பதில் பேசவில்லை. வேறு நகலும் அவனிடம் இல்லை. மறுநாளே முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

மூன்றாம் நாள், புதிதாக அடித்த இரண்டு பக்கத்தை மட்டும் வேறொரு பென்டிரைவில் கொண்டுவந்து காட்டினான். என் கணினியில் மறுபடியும் குப்பை. அதே பென்டிரைவைப் பக்கத்திலிருந்த நண்பனின் கணினியில் செருகினால் தமிழ் மணி மணியாக நிற்கிறது! அப்போதுதான் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கோணல் என் கூடத்தில்தான்.

★ திறக்கும்போது ஓடும் ஃபைல்

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கடையைத் திறக்கிற அண்ணாச்சி தினமும் வாசல் தெளித்து, தராசைத் துடைத்து, பத்தி கொளுத்திவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். எடிட்டரும் அப்படித்தான். திறக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்து, அதில் சொன்னபடி எல்லாம் செய்துவிட்டுத்தான் நம்மிடம் வரும். விம்மில் அதற்குப் பெயர் விம்-ஆர்சி. பெயர் ஒரு புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகப் பட்டியல் போட்டால் கண்ணில் படாது. நம்ம சொந்த டைரக்டரியில் ஒளிந்திருக்கும்.

என் விம்-ஆர்சியில் 400 வரிகள் இருந்தன. அதில் நான் எழுதியது பத்துகூடத் தேறாது. மற்றதெல்லாம் அங்கே ஒருவர், இங்கே ஒருவர் என்று நாலு பேரிடம் வாங்கி ஒட்டியது. திரை அழகாக இருந்தது, பார்க்கிறவர்கள் "பெரிய ஆளுல" என்றார்கள், அது போதாதா? எந்த வரி எதற்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, அது மடியில் இருக்கிறது என்பதையே மறந்து போனவன் நான்.

நண்பர்கள் சொன்னபடி முதலில் விம்மை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. ஏன் தெரியுமா? எடிட்டரை நீக்கினால் எடிட்டர்தான் போகும். சொந்த டைரக்டரியில் இருக்கிற விம்-ஆர்சியை அது தொடுவதே இல்லை. "அப்ப மொத்தமா ஃபார்மட் போடு" என்றார்கள். சரி, போட்டால் குணமாகும். ஆனால் நான் என்ன செய்வேன்? பழைய விம்-ஆர்சியை முதலிலேயே பென்டிரைவில் எடுத்து வைத்து, ஃபார்மட் முடிந்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். வீட்டை எரித்துவிட்டு, பூச்சி இருந்த கட்டிலை மட்டும் காப்பாற்றிப் புதுவீட்டில் போடுகிற கதை இது!

★ பாதி பாதியாக

பிறகுதான் உருப்படியான வழிக்கு வந்தேன். மூன்றே படி.

முதல் படி: கோளாறு எடிட்டரிலா, என் அமைப்பிலா? விம் என்று அடித்து, இடம் விட்டு, ஹைஃபனும் சின்ன எழுத்து 'யு'வும் போட்டு, மறுபடி இடம் விட்டு, பெரிய எழுத்தில் 'நன்' என்கிற ஆங்கிலச் சொல்லையும் ஃபைல் பெயரையும் அடித்துத் திறந்தேன். அப்படித் திறந்தால் விம் எந்தத் தொடக்க ஃபைலையும் படிக்காது, கூடுதல் நிரல்களையும் ஏற்றாது; வெறும் உடம்போடு வரும். வந்தது. தமிழும் வந்தது! ஆக விம் நல்ல பிள்ளை. தம்பியும் நல்ல பிள்ளை. குற்றவாளி என் 400 வரிக்குள் இருக்கிறான்.

இரண்டாம் படி: நகல். விம்-ஆர்சியை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். கைவைப்பதற்கு முன்னால் பிரதி. இதில் சமரசம் கூடாது.

மூன்றாம் படி: பாதியாக்குவது. 200-ஆம் வரிக்குக் கீழே 'ஃபினிஷ்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதினேன். விம் அந்தச் சொல்லைக் கண்டதும் படிப்பதை நிறுத்திவிடும். கீழே உள்ள 200 வரி ஓடாது. திறந்து பார்த்தேன். தமிழ் நன்றாகத் தெரிந்தது. அப்படியானால் கோளாறு கீழ்ப்பாதியில். ஃபினிஷை 300-க்கு நகர்த்தினேன். குப்பை வந்தது. ஆக 201-க்கும் 300-க்கும் நடுவில். அடுத்து 250. இப்படியே 400, 200, 100, 50, 25, 13, 7, 4, 2, 1. ஒன்பது முறை திறந்து மூடினால் 400 வரியில் ஒரு வரி கையில் சிக்குகிறது. ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் 400 முறைகூட ஆகலாம். 1,000 வரியாக இருந்தாலும் இந்த முறைக்குப் பத்து தடவைதான். கால் மணி நேரத்தில் முடிந்தது என் வேலை.

இது ஒன்றும் கம்ப்யூட்டர்காரர்களின் ரகசிய வித்தை இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் நாசரேத்தில் நட்சத்திரமும் சீரியல் செட்டும் தொங்காத வீடு உண்டா? நூறு பல்பு தொடராகக் கோத்த மாலையில் ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. விவரம் தெரிந்த எலக்ட்ரிக்கல் அண்ணன் என்ன செய்வார்? ஒன்றாம் பல்பிலிருந்து தொடங்க மாட்டார். ஐம்பதாம் பல்பில் டெஸ்டரை வைப்பார். எரிந்தால் கரண்ட் அதுவரை வந்துவிட்டது, அறுபட்டது அதற்கு அப்பால். எரியாவிட்டால் இப்பால். அடுத்து இருபத்தைந்தில், அல்லது எழுபத்தைந்தில். நான் விம்-ஆர்சியில் செய்ததும் அதேதான். டெஸ்டருக்குப் பதில் ஃபினிஷ்.

இரண்டு எச்சரிக்கை மட்டும். ஃபங்ஷன் மாதிரி சேர்ந்தாற்போல் இருக்கிற பகுதியின் நடுவே ஃபினிஷைச் செருகாதீர்கள். அதன் எல்லையில் வையுங்கள். இன்னொன்று, மேல்பாதி தனியாக நன்றாக ஓடுகிறது, கீழ்ப்பாதியும் தனியாக நன்றாக ஓடுகிறது, சேர்ந்தால்தான் கோளாறு என்றால் பயப்பட வேண்டாம். அங்கே ஒரு வரி இங்கே ஒரு வரியோடு மோதுகிறது என்று அர்த்தம். ஒரு பாதியை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் பாதியாக்கிக்கொண்டே போங்கள்.

★ சிக்கிய வரி

சிக்கிய வரி இதுதான்: ஒரு ஃபைலைத் திறக்கும்போது எந்தெந்தக் குறியேற்றத்தை என்ன வரிசையில் முயன்று பார்க்க வேண்டும் என்று விம்முக்குச் சொல்லும் 'ஃபைல்-என்கோடிங்ஸ்' அமைப்பு. அதில் லத்தீன்-1 முதலிலும் யுடிஎஃப்-8 அடுத்தும் இருந்தது. பார்க்க அப்பாவியாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் வேறு. லத்தீன்-1-க்கு எந்த பைட்டைக் கொடுத்தாலும் "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடும், தோற்கவே தோற்காது. முதலில் நிற்கிறவன் தோற்காவிட்டால் இரண்டாவது ஆளுக்கு முறை எப்போது வரும்? வரவே வராது. ஐரோப்பிய மொழியில் பழைய ஃபைல்களை வைத்திருக்கிற யாரோ ஒருவருக்கு அந்த வரிசை தோதாக இருந்திருக்கும். அவர் தப்பு செய்யவில்லை. அதைப் படிக்காமல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்.

குப்பையில் ஏன் அந்த இரண்டு குறிகளே திரும்பத் திரும்ப வந்தன என்பதும் அப்போது புரிந்தது. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். துணைக்காலும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிதான். 'நாசரேத்' என்பதை எண்ணுங்கள்: ந, துணைக்கால், ச, ர, இரட்டைச்சுழி, த, புள்ளி. ஏழு குறி, 21 பைட். இந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. அதை லத்தீன்-1 கோடு போட்ட 'ஏ' என்று படிக்கிறது. இரண்டாவது பைட்டுக்கு இரண்டே வாய்ப்பு. அதில் ஒன்றுதான் வட்டத்து 'ஆர்'.

நான் 'சரி' பண்ணினேனே, அதுதான் பெரிய பாவம். லத்தீன் என்று தப்பாகப் படித்ததை மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்தபோது தமிழ்க் குறிகளின் ஒவ்வொரு பைட்டும் இரண்டானது. தம்பியின் ஃபைல் 84 கிலோபைட்டிலிருந்து 164 ஆகியிருந்தது. அந்த அளவைப் பார்த்திருந்தாலே எனக்கு விளங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை. அதனால்தான் லேப்பிலும் அது குப்பையாகத் தெரிந்தது. சாட்சியை நானே அழித்துவிட்டு, அதே சாட்சியைக் காட்டி அவனைக் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன்.

நல்லவேளை, போனது திரும்பியது. லினக்ஸில் 'ஐ-கான்வ்' என்றொரு கருவி. யுடிஎஃப்-8-லிருந்து லத்தீன்-1-க்கு மாற்று என்று அதற்கு ஒரு கட்டளை கொடுத்தேன். இரண்டானது மறுபடி ஒன்றானது. பதினான்கு பக்கமும் ஓர் எழுத்து பிசகாமல் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்குள் தம்பி பதினோராம் பக்கத்தை முடித்திருந்தான். திட்டியது நாலு பேர் முன்னால் என்பதால் மன்னிப்பையும் அந்த நாலு பேர் முன்னாலேயே கேட்டேன். "பரவாயில்லண்ணே, என்ன வரின்னு காட்டுங்க" என்றான். அது என்னைத் திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

★ காப்பி அடிப்பது தப்பா?

"அப்படியென்றால் அடுத்தவர் எழுதியதை எடுக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. விம் பிறந்ததே அப்படித்தான். பில் ஜாய் 1976-ல் 'வி' எடிட்டரை எழுதினார். அதைப் போலச் செய்த 'ஸ்டீவி' என்ற நிரலின் மூலத்தை எடுத்துத் தன் அமிகா கணினிக்காக வளர்த்தவர் நெதர்லாந்தின் பிராம் மோலினார். 1991-ல் விம் வெளிவந்தது. 2023 ஆகஸ்டில் மறையும் வரை அவர் அதைக் கைவிடவில்லை. காசு வாங்காமல் கொடுத்து, விருப்பப்பட்டால் உகாண்டாவின் ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அவர் எடுத்ததும் அடுத்தவர் எழுதியதுதான். ஆனால் வரி வரியாகப் படித்தார், திருத்தினார், பொறுப்பேற்றார். எடுப்பது தப்பில்லை, படிக்காமல் எடுப்பதுதான் தப்பு. லேப் ரெக்கார்டை எப்படி எழுதுகிறோம் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். முன்னால் எழுதியவன் ரீடிங்கைத் தப்பாக எழுதினால் முப்பது ரெக்கார்டிலும் அதே தப்பு. என் விம்-ஆர்சியும் அதன் தங்கச்சிதான்!

"நேரம் எங்கே இருக்கிறது? ஃபார்மட் போட்டால் சீக்கிரம் முடியுமே" என்பது அடுத்த கேள்வி. ஃபார்மட் போட்டு, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, போன ஃபைல்களைத் தேடி அழுவதற்கு ஆகிற நேரத்தையும் சேர்த்து எண்ணுங்கள். ஒன்பது முறை பாதியாக்க எனக்குக் கால் மணி நேரம்தான் ஆனது.

"இது விம் வைத்திருப்பவர்கள் பாடு" என்றும் ஒதுங்க வேண்டாம். 1993-ல் வந்த எம்எஸ்-டாஸ் 6-லேயே இந்த யோசனை உண்டு. கணினி தொடங்கும்போது எஃப்-5 அழுத்தினால் தொடக்க ஃபைல்களைப் படிக்காமல் வரும், எஃப்-8 அழுத்தினால் ஒவ்வொரு வரிக்கும் "இதைச் செய்யவா?" என்று கேட்டுக் கேட்டு ஓடும். ஈமேக்ஸில் ஹைஃபனும் பெரிய எழுத்து 'க்யூ'வும் போட்டால் வெறும் உடம்பு; 'டீபக்-இனிட்' என்று சொன்னால் எரர் எந்த இடத்தில் என்று காட்டும். விஎஸ் கோடில் 'எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்ற வசதி, சேர்த்துவைத்த நீட்சிகளைப் பாதி பாதியாக அணைத்துப் பார்க்கிறது. விம்மிலேயே 'வெர்போஸ் செட்' என்று எழுதி அமைப்பின் பெயரையும் கேள்விக்குறியையும் போட்டால், அதைக் கடைசியாக மாற்றியது எந்த ஃபைல் என்று சொல்லும்; புதிய பதிப்புகளில் வரி எண்ணும் வரும். ஆனால் எந்த அமைப்பைக் கேட்பது என்று தெரிந்தவனுக்குத்தான் அது உதவும். ஒன்றுமே தெரியாதவனுக்கும் உதவுவது பாதியாக்கும் முறை.

★ நம்மால் முடிந்தது

கனோன் மர்காஷிஸ் ஐயர் 1878-ல் கலைத் தொழிற்பள்ளி தொடங்கிய ஊர் இது. கையால் செய்து கற்பது நாசரேத்துக்குப் புதிதல்ல. நாளைக்கு நாம் போகிற இடத்தில், ஸ்பின்னிங் மில்லோ, துறைமுகமோ, அனல் மின் நிலையமோ, மெஷின் நின்றால் "முழுசா மாத்திடுங்க சார்" என்று சொல்வதற்கா டிப்ளமோக்காரனை எடுப்பார்கள்? எங்கே கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்லத்தானே!

அதனால் மாணவர் பேரவைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று, முதலாமாண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் சீனியர்கள் ஒரு மாலை ஒதுக்குவோம். நம்ம விம்-ஆர்சியைப் பென்டிரைவில் கொடுக்காமல், வெற்று ஃபைலிலிருந்து பத்தே வரி அவர்களையே எழுத வைப்போம். ஒவ்வொரு வரிக்கு மேலும் அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு. விம்மில் இரட்டை மேற்கோள் குறியில் தொடங்கும் வரியை அது படிக்காமல் தாண்டிவிடும். குறிப்பு எழுத அதுவே இடம்.

இரண்டு, ஹாஸ்டலில் ஃபார்மட் போடுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்போம். தொடக்க ஃபைல் இல்லாமல் திறந்து பார்த்தாயா? பிரதி எடுத்தாயா? பாதியாக்கிப் பார்த்தாயா? மூன்றுக்கும் ஆமாம் என்று சொன்னவன் தாராளமாக ஃபார்மட் போடட்டும்.

மூன்று, இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது. அடுத்தவன் வேலையைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை இன்னொரு கணினியிலும் திறந்து பார்ப்பது. தன் முதுகு தனக்குத் தெரியாது.

என் விம்-ஆர்சியில் இப்போது 23 வரிதான். திரை முன்போல மினுங்கவில்லை. ஆனால் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் பதில் சொல்வேன். இந்த ஆண்டு மலரின் தமிழ்ப் பக்கங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு அந்தக் குரும்பூர்த் தம்பியிடம்தான் இருக்கிறது. இந்தக் கட்டுரையையும் அவன்தான் முதலில் திறந்து படித்தான். "தமிழ் நல்லாத் தெரியுதாடா?" என்று கேட்டேன். "தெரியுதுண்ணே. ஆனா ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு. அது உங்க விம்-ஆர்சி பண்ணினது இல்ல" என்றான்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை